பச்சைச் சீட்டு ஒட்டிய ட்ராப்

ஸ்டீம் ட்ராப் ஆடிட் அறிக்கைகளோடு எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. நீராவிக் குழாயில் சேரும் தண்ணீரை வெளியேற்றுகிற வால்வுதான் ஸ்டீம் ட்ராப்; அது கசிகிறதா என்று சோதிப்பது ஆடிட். ஆடிட்டே வேண்டாம் என்கிற கட்சி இல்லை நான். சோமனூர், பல்லடம் பக்கத்துச் சைசிங் மில்களில், அதாவது பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுக் காய வைக்கிற மில்களில், ஸ்டீம் லைன் வேலை பார்க்கிறவன். அந்த அறிக்கைகளால் எனக்கு வேலையும் கிடைத்திருக்கிறது. உறுத்துவது அதில் போடுகிற கணக்கு. ஒவ்வொரு ட்ராப்பாகப் பார்த்து, ஸ்டீமை விடுகிறது என்றால் சிவப்புச் சீட்டு, விடவில்லை என்றால் பச்சைச் சீட்டு ஒட்டுவார்கள். அப்புறம் சிவப்புகளை எண்ணி, ஓட்டைக்கு இத்தனை கிலோ ஸ்டீம், அதற்கு இத்தனை கிலோ விறகு என்று பெருக்கி, கடைசிப் பக்கத்தில் வருடத்துக்கு இத்தனை லட்சம் போகிறது என்று ஒரு தொகை இருக்கும். முதலாளி அந்தப் பக்கத்தை மட்டும் படிப்பார். ஆனால் திறக்கவே திறக்காமல் அடைத்துக்கொண்டு செத்துக் கிடக்கிற ட்ராப் ஒன்று இருக்குமே, அதிலிருந்து ஒரு பொட்டு ஆவிகூட வெளியே வராது. இந்தக் கணக்கில் அதற்கு நஷ்டம் பூஜ்யம். சில அறிக்கைகளில் 'கோல்டு', அதாவது சூடில்லாமல் ஆறிக் கிடக்கிறது, என்று தனியாக எழுதியிருப்பார்கள். அதற்கு நேரே ரூபாய்ப் பத்தியில் ஒரு சிறு கோடு இருக்கும், அவ்வளவுதான்.

கசிவுக் கணக்கு பொய் என்று சொல்ல வரவில்லை. 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று மணிக்குச் சுமார் 30 கிலோ ஸ்டீமை வெளியே விடும். விறகு பாய்லரில் ஒரு கிலோ விறகுக்கு மூன்று, மூன்றரை கிலோ ஸ்டீம் வரும் என்று வைத்தால், இரவு பகலாக ஓடும் மில்லில் வாயைப் பிளந்துகொண்ட ட்ராப் ஒன்றே நாளைக்கு இருநூறு கிலோவுக்கு மேல் விறகைத் தின்றுவிடும். அதே ஓட்டை வழியாகத் தண்ணீரும் போயாக வேண்டும் என்பதால் நிஜ நஷ்டம் இதைவிடக் குறைவுதான். ஆனாலும் சில்லறைக் காசில்லை. ஆகவே கசிவைப் பிடிக்கத்தான் வேண்டும். என் கேள்வி, எதைக் கசிவு என்கிறோம் என்பதும், கசியாததை ஏன் நல்லது என்கிறோம் என்பதும்.

கண்ணுக்குத் தெரிகிற ஆவி

ட்ராப் ஸ்டீமைப் பிடித்து வைக்கிற சாமான் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பிடித்து வைப்பது மட்டும் வேலை என்றால் அந்த இடத்தில் ஒரு மூடியைப் போட்டு வெல்டு வைத்துவிடலாம். 3 பாரில் ஸ்டீம் 144 டிகிரியில் இருக்கும். ஒரு கிலோ ஸ்டீம், நூல் சுற்றி ஓடுகிற சிலிண்டரின் உட்சுவரில் பட்டுத் தண்ணீராக மாறும்போது சுமார் 2,130 கிலோஜூல் வெப்பத்தைக் கொடுக்கிறது. நூலைக் காய வைப்பது அந்த வெப்பம். தண்ணீரான பிறகு அதே 144 டிகிரியில் இருந்தாலும் அதனிடம் மிச்சம் இருப்பது 605 கிலோஜூல்தான். அதையும் சூடு தணியத் தணியத்தான் வாங்க முடியும். எனவே தண்ணீர் உருவான உடனே வெளியேற வேண்டும், அடுத்த ஸ்டீம் வர இடம் வேண்டும். கூடவே காற்றும் போக வேண்டும். மெஷினை நிறுத்தி ஆற விட்டால் சிலிண்டருக்குள் காற்று புகுந்துகொள்ளும். அது வெளியேறாமல் நாலில் ஒரு பங்கு தங்கிவிட்டால், கேஜ் அதே 3 பாரைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே சூடு 144-க்குப் பதிலாக 133 டிகிரியில் நின்றுவிடும். தண்ணீரையும் காற்றையும் விட்டு, ஸ்டீமை மட்டும் நிறுத்துவதுதான் ட்ராப். விடுவதுதான் முதல் வேலை.

இங்கேதான் கண் ஏமாற்றுகிறது. 3 பார் அழுத்தத்தில் 144 டிகிரியில் இருக்கும் தண்ணீர், ட்ராப்பைத் தாண்டித் திறந்த வெளிக்கு வந்ததும் 100 டிகிரிக்கு மேல் தண்ணீராக நிற்க முடியாது. அதிகப்படி வெப்பம் அந்தத் தண்ணீரிலேயே ஒரு பங்கைக் கொதிக்க வைத்து ஆவியாக்கிவிடும். இதுதான் ஃப்ளாஷ் ஸ்டீம். 605-இலிருந்து, 100 டிகிரித் தண்ணீரில் இருக்கிற 419 கிலோஜூலைக் கழித்து, அங்கே ஒரு கிலோவை ஆவியாக்கத் தேவையான 2,257-ஆல் வகுத்தால் 8 சதவீதம் சொச்சம். எடையில் பார்த்தால் கொஞ்சம்தான். ஆனால் திறந்த வெளியில் ஒரு கிலோ ஆவி 1,670 லிட்டர் இடத்தை அடைக்கும். ஆக 100 கிலோ தண்ணீர் வெளியே வந்தால், அதில் 92 கிலோ தண்ணீராக விழும், மீதி 8 கிலோ பதின்மூன்றாயிரம் லிட்டருக்கு மேல் ஆவியாக எழும்பும். ஒரு சொட்டு ஸ்டீமைக்கூடக் கசிய விடாத, அப்பழுக்கில்லாத ட்ராப்பின் வாயில் இவ்வளவு 'புகை' வரும். முதலாளி அதைப் பார்த்து, "காசு பறக்குது பாருங்க" என்பார். பறப்பது காசுதான், அதை மறுக்க முடியாது. அதைப் பிடிக்க ஃப்ளாஷ் வெசல் வைக்க வேண்டும், ட்ராப்பை மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை. புது ட்ராப்பும் அதே புகையைத்தான் விடும்.

டெம்பரேச்சர் கன் வைத்துப் பார்க்கிறோம் என்பார்கள். ட்ராப்புக்கு முன்னால் தண்ணீரும் ஸ்டீமும் ஒரே சூட்டில் இருக்கின்றன. ட்ராப்புக்குப் பின்னால், தண்ணீரைத் திருப்பிக் கொண்டுபோகும் ரிட்டர்ன் லைனில் என்ன அழுத்தம் இருக்கிறதோ அதற்குரிய சூடுதான் காட்டும், ட்ராப் கசிந்தாலும் கசியாவிட்டாலும். பளபளப்பான குழாய் என்றால் கன் காட்டுவதே தப்பாக இருக்கும். டெம்பரேச்சர் கன்னால் உறுதியாகச் சொல்ல முடிவது ஒன்றே ஒன்று: ட்ராப் ஜில்லென்று கிடக்கிறது, அதாவது அடைத்துக்கொண்டது அல்லது அதற்குத் தண்ணீரே வரவில்லை. எந்தச் செய்திக்கு அறிக்கையில் வெறும் கோடு போடுகிறார்களோ, அந்தச் செய்தியைத்தான் அந்தக் கருவி ஒழுங்காகச் சொல்கிறது.

காது இதைவிட நம்பகம். ட்ராப்புக்குள் எழும் சத்தத்தைப் பிடிக்கிற அல்ட்ராசோனிக் கருவி வருவதற்கு முன்பு ஃபிட்டர்கள் நீள ஸ்குரூடிரைவரின் முனையை ட்ராப்பில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள்; இன்றும் கேட்கிறார்கள். டிஸ்க் வகை ட்ராப்பை அப்படிக் கேட்பதில் எனக்குத் தனி விருப்பம். அதில் அசைகிற பாகம் ஒரே ஒரு எஃகுத் தட்டுதான். தண்ணீர் வரும்போது தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். தண்ணீர் தீர்ந்து ஸ்டீம் சூட்டை எட்டும்போது ஃப்ளாஷ் ஆவி தட்டுக்கு அடியில் படுவேகமாகப் பாயும். வேகம் கூடினால் அங்கே அழுத்தம் இறங்கும். அதே நேரம் அந்த ஆவி தட்டுக்கு மேலே உள்ள சின்ன அறையிலும் போய்ச் சேர்ந்து, பரந்த மேற்பரப்பை அழுத்தி, 'டக்'கென்று மூடிவிடும். மேல் அறையிலுள்ள ஆவி ஆறித் தண்ணீரானதும் பிடி தளர்ந்து மறுபடி திறக்கும். ஸ்பிரிங் இல்லை, மிதவை இல்லை. நிதானமாக டக், டக் என்று அடித்தால் நன்றாக இருக்கிறது. விடாமல் படபடவென்று அடித்தால் தட்டு தேய்ந்துவிட்டது. ஆனால் மழை நாளில் வெளியே இருக்கும் ட்ராப்பின் தலை சீக்கிரம் ஆறுவதால் நல்ல ட்ராப்பும் வேகமாக அடிக்கும். அந்த நேரத்தில் ஆடிட் நடந்தால் அதற்கும் சிவப்புதான்.

லெக்சிங்டன் அவென்யூவில் நடந்தது

அடைத்துக்கொண்ட ட்ராப் என்ன செய்யும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் நியூயார்க்கில் இருக்கிறது. மன்ஹாட்டன் கட்டடங்களுக்கு 1882 முதல் தெருவுக்கு அடியில் குழாய் வழியாகவே நீராவி போகிறது. 2007 ஜூலை 18 மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பு, கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் லெக்சிங்டன் அவென்யூவும் 41-ஆவது தெருவும் சந்திக்கிற இடத்தில், 1924-இல் பதித்த 20 அங்குலக் குழாய் வெடித்தது. நடுரோட்டில் பெரும் பள்ளம். சேறும் ஆவியும் பல மாடி உயரத்துக்கு எழும்பின. ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள்.

அன்று காலை நல்ல மழை. மழைத்தண்ணீர் குழாயைச் சுற்றித் தேங்கி அதைக் குளிர வைத்தது. உள்ளே ஸ்டீம் வழக்கத்தைவிட வேகமாகத் தண்ணீரானது. அதை வெளியேற்ற வேண்டிய ட்ராப்கள் அடைத்துக் கிடந்தன. தண்ணீர் தேங்கியது. குளிர்ந்த தண்ணீருக்கு நடுவே சிக்கிய ஆவிக் குமிழ் சட்டென்று சுருங்கி மறையும்போது, அந்த வெற்றிடத்தை நிரப்பத் தண்ணீர் பாய்ந்து மோதுகிற மோதலைத் தான் வாட்டர் ஹேமர் என்கிறோம். குழாயைப் பிளந்தது அதுதான். ட்ராப்களை அடைத்தது எது என்று பார்த்தால், முன்பு குழாயில் ஏற்பட்ட கசிவை நிறுத்த உள்ளே செலுத்திய பசை. தேவைக்கு அதிகமாகப் போன பசை பெயர்ந்து, அடித்துக்கொண்டு போய் ட்ராப்பில் உட்கார்ந்திருக்கிறது. கசிவை நிறுத்தப் போய், வடிகாலை அடைத்திருக்கிறார்கள். அந்தச் சம்பவத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து கோல்டு ட்ராப்புக்கு நேரே கோடு போட்ட அறிக்கையைப் பார்த்தால் எனக்குப் பொறுப்பதில்லை.

நம் மில்களில் இப்படியெல்லாம் வெடிப்பது அபூர்வம். அதனாலேயே யாருக்கும் உறைப்பதில்லை. மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். மெதுவாக ஓடுவதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம்.

பைபாஸைப் பூட்டிய மில்

ஒரு சைசிங் மில்லில் பாய்லரைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். ஆடிட் முடிந்து, சிவப்புச் சீட்டு ட்ராப்களையெல்லாம் மாற்றி, ஸ்டீமை மிச்சப்படுத்தும் திட்டத்தின் கீழ் ட்ராப்பைச் சுற்றிப் போகிற எல்லா பைபாஸ் வால்வுகளையும் மூடிச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். கசிவு போய்விட்டது, விறகு மட்டும் குறையவில்லை. போதாததற்கு, கஞ்சித் தொட்டியிலிருந்து வரும் பாவு நூல் சிலிண்டர்களைச் சுற்றிக் கடைசிக்கு வரும்போதும் ஈரமாகவே வந்தது. ஈரத்தோடு பீமில், அதாவது பாவு உருளையில், சுற்றினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தறிக்காரர் திட்டுவார். அதனால் மெஷின் வேகத்தைக் குறைத்தார்கள், ஸ்டீம் அழுத்தத்தை ஏற்றினார்கள். விறகு ஈரம் என்றார் மேனேஜர். கஞ்சியில் ஸ்டார்ச் கலவை சரியில்லை என்றார் இன்னொருவர். பாய்லர் டியூபில் உப்பு படிந்திருக்கும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பாய்லர் நன்றாகவே இருந்தது. மெஷின் பக்கம் போய் நின்றபோது, வயதான ஆபரேட்டர் ஒருவர் தானாகவே சொன்னார்: "பைபாஸப் பூட்டுனதுலருந்து சிலிண்டரு தண்ணி குடிச்சுட்டு நிக்குதுங்க சார். சொன்னா யாரு கேக்கறாங்க?"

லாக் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். டிரைவ் மோட்டாரின் ஆம்பியர் அந்தத் தேதியிலிருந்தே கூடியிருந்தது. வேகம் குறைந்த பிறகு ஆம்பியர் ஏறுகிறது என்றால், மோட்டார் நூலைத் தவிர வேறு எதையோ சேர்த்து இழுக்கிறது. மெஷினை நிறுத்தி, ஸ்டீமை மூடி, அழுத்தம் முழுக்க இறங்கி ஆறிய பிறகு முதல் சிலிண்டரின் வடிகால் யூனியனைக் கழற்றினோம். குடம் குடமாகத் தண்ணீர் கொட்டியது. கடைசிச் சிலிண்டரில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

ஒன்பது சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே ஒரு பெரிய ஃப்ளோட் ட்ராப்பை, அதாவது மிதவையால் திறந்து மூடுகிற ட்ராப்பை, வைத்திருந்தார்கள். ஒன்பது வடிகால்களும் ஒரு பொதுக் குழாயில் சேர்ந்து அந்த ட்ராப்புக்குப் போகும். சேரும் தண்ணீர் முழுவதற்கும் ட்ராப்பின் அளவு போதும். காகிதக் கணக்கில் குறையே இல்லை. ஆனால் முதல் சிலிண்டரில் படுகிற நூல் கஞ்சியில் நனைந்து அப்போதுதான் வருகிறது. அங்கே ஸ்டீம் மளமளவென்று தண்ணீராகும், அந்த அளவுக்கு ஸ்டீமை உள்ளே இழுக்கும், இழுக்கிற வழியில் அழுத்தம் கொஞ்சம் இறங்கும். கடைசிச் சிலிண்டரில் படுவது ஏறக்குறைய காய்ந்த நூல். அங்கே ஸ்டீமுக்கு வேலை குறைவு, அழுத்தம் அப்படியே நிற்கும். இரண்டு வடிகாலும் ஒரே குழாயில் சேர்கிறபோது, கடைசிச் சிலிண்டரின் ஸ்டீம் பொதுக் குழாயை அடைத்துக்கொள்கிறது; ஏறுகிற கூட்டம் படியை மறித்து நிற்க, இறங்க வேண்டியவர் பஸ்ஸுக்குள்ளேயே மாட்டிக்கொள்வது போல, முதல் சிலிண்டரின் தண்ணீர் வெளியே வர முடியாமல் நிற்கிறது. எங்கே அதிகம் காய வேண்டுமோ அந்தச் சிலிண்டர்தான் முதலில் தண்ணீரில் மூழ்கும். வித்தியாசம் ஒரு பாரில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும். கேஜில் அது தெரியக்கூடத் தெரியாது.

இதற்கு மேல் இன்னொரு கோளாறு. சுற்றுகிற சிலிண்டரின் அடியில் தேங்கும் தண்ணீர் தானாக வழிந்து வெளியேற முடியாது. உள்ளே ஒரு சைஃபன் குழாய் இருக்கும்; ஸ்டீம் அழுத்தம் தண்ணீரை அதன் வழியாக மேலே தள்ளி, சிலிண்டரின் அச்சு வழியாக வெளியே அனுப்பும். எப்போதாவது அந்தச் சைஃபனுக்குள் ஸ்டீம் புகுந்து ட்ராப் வரை நிரம்பிவிட்டால், ட்ராப் தன் கடமையைச் செய்யும்: ஸ்டீம் வந்துவிட்டது, மூடு. சைஃபனோ சூடான சிலிண்டருக்குள் இருக்கிறது, அதிலுள்ள ஸ்டீம் லேசில் ஆறாது. ட்ராப்பில் ஒரு குறையும் இல்லை, நூற்றுக்கு நூறு சரியாக வேலை செய்கிறது, சிலிண்டரில் தண்ணீர் ஏறிக்கொண்டே போகிறது. ஸ்டீம் லாக் என்று பாடப்புத்தகத்தில் இருப்பது இதுதான். அந்தப் பெரிய ட்ராப்பில் பச்சைச் சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

ஆபரேட்டர்கள் காலங்காலமாக அந்த பைபாஸை அரைச் சுற்றுத் திறந்தே வைத்திருந்தார்கள். அவர்களுக்கு ஸ்டீம் லாக் என்ற பெயர் தெரியாது. திறந்தால் காய்கிறது, மூடினால் காயவில்லை என்று தெரியும். பொதுக் குழாயில் எப்போதும் ஓர் ஓட்டம் இருந்ததால் முதல் சிலிண்டரின் தண்ணீரும் கூடவே இழுபட்டு வந்திருக்கிறது. இதற்காக நான் அந்தப் பழக்கத்துக்கு வக்காலத்து வாங்கப் போவதில்லை. அரைச் சுற்றுத் திறந்த பைபாஸ், வாய் பிளந்த பல ட்ராப்களுக்குச் சமமான ஸ்டீமை வீணாக்கும். ஆடிட்காரர் அதை எழுதியது நியாயம். அந்த வால்வு ஏன் திறந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல் பூட்டச் சொன்னதுதான் எனக்கு ஆகவில்லை. மில்லில் யாரும் சும்மா ஒரு வால்வைத் திறந்து வைப்பதில்லை.

சிலிண்டருக்கு ஒரு ட்ராப் வைக்க வேண்டும் என்றேன். முதலாளிக்கு அதிர்ச்சி. "ஒரு ட்ராப்பப் பாக்கறதுக்கே ஆளில்லைங்க. ஒம்பது வெச்சா யாருங்க பாக்கறது?" நியாயமான கேள்வி. ஆனாலும் வைத்தோம். ஒன்பதும் ஸ்டீம் லாக் ரிலீஸ் உள்ள ஃப்ளோட் ட்ராப். அதில் ஒரு சின்ன ஊசி வால்வு இருக்கும். அதைத் துளி திறந்து வைத்தால் சைஃபனில் சிக்கிய ஸ்டீம் நூல் அளவு கசிந்து வெளியேறிக்கொண்டே இருக்கும், தண்ணீர் ட்ராப்புக்கு வந்து சேரும். வேண்டுமென்றே வைத்த கசிவு. இதில் புதுமை ஒன்றுமில்லை. பழைய இன்வர்ட்டட் பக்கெட் ட்ராப்பில்கூடக் கவிழ்த்த வாளியின் தலையில் ஊசித் துளை ஒன்று உண்டு. காற்றும் துளி ஸ்டீமும் அதன் வழியே தப்பினால்தான் வாளி மறுபடி அமிழ்ந்து வாயைத் திறக்கும். அந்தத் துளையை அடைத்தால் ட்ராப் மூடியபடியே நின்றுவிடும்.

மாற்றிய பிறகு மெஷின் பழைய வேகத்துக்கு வந்தது. ஏற்றி வைத்திருந்த அழுத்தத்தையும் இறக்கினார்கள். பிறகு வந்த ஆடிட்டில் அல்ட்ராசோனிக் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, விடாமல் ஸ்டீம் போகிற சத்தம் கேட்கிறது என்று சில ட்ராப்களுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டினார்களாம். ஊசி வால்வைப் பற்றி மேனேஜர்தான் விளக்கிச் சொல்லியிருக்கிறார். இப்போது நான் எழுதிக் கொடுக்கிற அறிக்கைகளில் ரூபாய்ப் பத்திக்குப் பக்கத்தில் மெஷின் வேகம், சிலிண்டர் அழுத்தம், மோட்டார் ஆம்பியர் மூன்றையும் முன்னும் பின்னும் போடுகிறேன். கோல்டு ட்ராப்பின் நஷ்டம் அந்த மூன்றில்தான் தெரியும். ஸ்டீம் மீட்டரில் தெரியாது.

அந்த மில்லில் ஒரே ஒரு விஷயம் இன்னும் தீரவில்லை. இனி பைபாஸ் எதற்கு, வெட்டி எடுத்துவிடலாமே என்கிறார் முதலாளி. வேண்டாம் என்கிறேன் நான். ஆறிக் கிடக்கிற மெஷினைக் காலையில் கிளப்பும்போது சிலிண்டர் முழுக்கக் காற்று. இரும்பு சூடேறும் வரை தண்ணீரும் வழக்கத்தைவிடப் பல மடங்கு வரும். அந்தச் சில நிமிடங்களுக்கு பைபாஸைத் திறந்துவிட்டால் நல்லது, ட்ராப்புக்கும் நல்லது. சூடு பிடித்ததும் மூடிவிட வேண்டும். திறப்பதற்கு ஆள் உண்டு. மூடுவது காலை ஷிஃப்ட் ஆபரேட்டரா, பாய்லர்காரரா என்பதில்தான் தகராறு. போன முறை போனபோது இரண்டு வால்வு அரைச் சுற்றுத் திறந்திருந்தது, சங்கிலி பக்கத்து ஆணியில் தொங்கியது.